மகாமும் இராகமும்: எடுத்துக்காட்டுப் பாடல்கள் குறித்து ஒரு சிந்தனை

இலக்கணம் கற்பிப்பவன் இலக்கியம் காட்டாமல் தப்ப இயலாது. சூத்திரம் ஒன்று சொன்னால் அதற்கு உதாரணம் ஒன்று வேண்டும். அரபு மொழி வல்லார் இதனை 'ஷாஹித்' என்பர். ஷாஹித் என்னும் சொல்லுக்குச் சாட்சி என்பது பொருள். ஸீபவைஹி தமது 'அல்கிதாப்' என்னும் பேரிலக்கண நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவியடிகளைச் சாட்சிக்கு அழைத்து நிறுத்தினார். பின் வந்த உரையாசிரியர்கள் விதியை ஆராய்ந்ததோடு அமையவில்லை. அச்சாட்சிகளையும் குறுக்கு விசாரணை செய்தனர். இக்கவிதை யாருடையது, யார் வாய்மொழியாக வந்தது, பாட வேறுபாடு உண்டா, கூறவந்த விதிக்கு இது உண்மையிலேயே சான்றாகுமா என்று துருவித் துருவிக் கேட்டனர். இசைக்குச் சாட்சியாகக் கூறப்படும் பாடல்களை நம்மவர் இவ்வாறு விசாரித்ததுண்டா? விசாரிக்கவில்லை என்பதே யாம் கண்டது.

அண்மைக் காலமாக அரபி மதரஸாக்களில் ஓதும் இளைஞரிடையே மகாம்களின் பெயர்கள் பெரிதும் வழங்குகின்றன. எகிப்தியக் காரிகளின் ஓதுதலைக் கைப்பேசியில் கேட்டுக் கேட்டு, 'இது பயாத்தீ', 'இது ஹிஜாஸ்' என்று பேசிக்கொள்கின்றனர். அரபுலகின் இசையாசிரியர்கள் ஏழு தலைமை மகாம்களை நினைவிற்கொள்ள அழகியதொரு வழி கண்டுள்ளனர். 'ஸனஅ பிஸிஹ்ர்' என்பது அது. 'மாயத்தால் செய்தான்' என்று பொருள்படும். அதன் எழுத்துகளை முறையே பிரித்தால் ஸபா, நஹாவந்த், அஜம், பயாத்தீ, ஸீகா, ஹிஜாஸ், ரஸ்த் என ஏழின் முதலெழுத்தும் கிடைக்கும். பெயர்களை மனனம் செய்வது எளிது. 'இந்த ஹிஜாஸ் எப்படி இருக்கும்? நமக்குத் தெரிந்த பாட்டு ஒன்று சொல்லுங்கள்' என்று மாணவன் கேட்கும் இடத்தில்தான் ஆசிரியனின் சங்கடம் தொடங்குகிறது. வேப்பனப்பள்ளி போன்ற எல்லையூரில் இச்சங்கடம் பன்மடங்கு. இங்கு ஒரு பிள்ளை வீட்டில் உருது நஅத்தும், பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாட்டும், மக்தபில் அரபு பைத்தும், சந்தையில் தெலுங்கும் கன்னடமும் கேட்டு வளர்கிறான். அவனுக்கு எந்தப் பாடலைச் சாட்சியாகக் காட்டுவது?

இசை ஆகுமா ஆகாதா என்னும் பழைய வழக்கு இங்கே எமக்குப் பொருளன்று. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இதற்கெனவே ஒரு தனிக் கிதாபு ஒதுக்கி, கேட்பவன் நிலை, கேட்கப்படும் பொருள் யாவற்றையும் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். வேண்டுவோர் ஆங்குச் செல்க. ஆனால் ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட வேண்டும். திருக்குர்ஆனும் பாங்கும் பாடல்கள் அல்ல. ஆகவே அவற்றை எடுத்துக்காட்டுப் பாடல்களின் பட்டியலில் சேர்ப்பது முறையன்று. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதுதலைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாவூத் நபி (அலை) அவர்களுக்கு வாய்த்த இனிய குரலோடு அதனை ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள் என்பது உண்மை. குரலழகு போற்றப்பட்டது, மறுப்பாரில்லை. எனினும் ஓதுதலை ஆள்வது தஜ்வீது. மத்து எத்துணை நீள வேண்டும், குன்னா எங்கே நிற்க வேண்டும் என்பவற்றை மகாம் தீர்மானிப்பதில்லை. ஷைகு முஸ்தபா இஸ்மாயீல் (1905–1978) ஒரு மகாமிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் திறத்தில் இணையற்றவர். எகிப்திய முஜவ்வத் மரபில் பயாத்தீயில் தொடங்கிப் பயாத்தீயில் முடிப்பது வழக்கம். இவற்றைக் கேட்டு மகாமை அறிந்துகொள்வது ஒன்று. மகாமுக்கு உதாரணம் வேண்டி ஆயத்தை அழைப்பது மற்றொன்று. முன்னது செவியின் பயன். பின்னது முதலாளியை எடுபிடியாக்கும் செயல்.

துருக்கியரின் பாங்கு மரபையும் இங்கே சிலர் எடுத்துக் கூறுவர். உஸ்மானியர் காலத்திலிருந்து அங்கே சுபுஹுக்கு ஸபா, லுஹருக்கு உஷ்ஷாக், அஸருக்கு ரஸ்த், மஃரிபுக்கு ஸீகா, இஷாவுக்கு ஹிஜாஸ் என்று வேளைக்கொரு மகாம் வைத்திருக்கின்றனர். நேரத்துக்கேற்ற இசை என்னும் இக்கருத்து நம் நாட்டாருக்குப் புதிதன்று. பூபாளத்தை வைகறைக்கும் நீலாம்பரியை இரவுக்கும் உரிமையாக்கியவர் நாம். ஆயினும் பாங்கின் வாசகம் எங்கும் ஒன்றே. அதனைக் கேட்ட செவி தொழுகைக்கு எழ வேண்டுமேயன்றி மகாமின் பெயரை ஆராய்ந்துகொண்டிருத்தல் கூடாது.

இனி, பாடல்களுக்கு வருவோம்.

எடுத்துக்காட்டுப் பட்டியல் தொகுப்போர் செய்யும் முதற்பிழை, சுரவரிசையை இராகம் என்று மயங்குவது. நஹாவந்தின் ஏழு சுரங்களும் கீரவாணியின் ஏழு சுரங்களும் ஒத்துப்போகும். அஜமுக்குச் சங்கராபரணமும், குர்துக்குத் தோடியும், ஹிஜாஸ்காருக்கு மாயாமாளவகௌளையும், நிக்ரீஸுக்கு ஹேமவதியும் ஈடு. இதை அறிந்த மாத்திரத்தில் 'கண்டுகொண்டேன்' என்று கூத்தாடுவது பேதைமை. முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயர் மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டு ஸ்வரம்' என்று அவை வழங்கும். அவை சங்கராபரணத்தின் சுரங்களில் நடப்பவை. ஆனால் எந்த வித்துவானும் சங்கராபரண இராகத்துக்கு அவற்றை உதாரணமாகக் காட்டமாட்டார். ஏனெனில் அவற்றில் சங்கராபரணத்தின் படிகள் உள்ளன, நடை இல்லை. இராகம் என்பது எந்தச் சுரத்தில் நிற்பது, எதைத் தொட்டு எதற்கு வழுக்குவது, எதை அசைப்பது என்னும் ஒழுக்கமாகும். மகாமும் அவ்வாறே.

குர்து மகாமுக்கு அரபியர் உடனே காட்டும் சாட்சி, முஹம்மது அப்துல் வஹ்ஹாப் இசையமைத்து உம்மு குல்தூம் 1964இல் பாடிய 'இன்த உம்ரீ'. அதனைத் தோடி கேட்டுப் பழகிய ஒருவரிடம் போட்டுக் காட்டினால், 'இது தோடியா?' என்று நகைப்பார். தோடியின் காந்தாரம் ஊசல்போல் ஆடும். அதுவே அதன் உயிர். குர்தில் அச்சுரம் அமைதியாய் நிற்கும். எம் செவிக்கு அப்பாடல் தோடியைவிடச் சிந்துபைரவிக்கே அண்மையில் நிற்கிறது.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. ரஸ்தின் மூன்றாம் சுரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைப்பட்டது. பயாத்தீயின் இரண்டாம் சுரம் சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவே நிற்பது. ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு இடையே கிடக்கும் இச்சுரங்களை அக்கருவியில் எவராலும் எழுப்ப இயலாது. நம் பாடகர்கள் கமகத்தின் வழியே அவ்விடங்களைத் தொட்டுச் செல்வர். அரபுப் பாடகரோ அங்கேயே குடியிருப்பர். 1932இல் கெய்ரோவில் மன்னர் புஆதின் ஆதரவில் கூடிய அரபு இசை மாநாட்டில் இக்கால்சுரங்களின் அளவு பற்றி எழுந்த வாதம் முடிவுக்கு வரவில்லை. அதே மாநாட்டில் பதிவான நூற்றுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகளோ இன்றும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன. அறிஞர் அளவு பற்றிப் பூசலிட்டனர். பாடகர் பாடிவிட்டுப் போயினர். ரஸ்துக்குச் சாட்சி வேண்டுவோர்க்கு, அஹ்மது ஷவ்கீ இயற்றி, ரியாள் ஸன்பாத்தீ இசையமைத்து, உம்மு குல்தூம் பாடிய 'ஸலூ கல்பீ' என்னும் கஸீதாவைக் காட்டுவோம். அது நபிபுகழ் கொண்டது. நம் வீடுகளில் ஒலிப்பதற்கு உரியது. ரஸ்துக்குத் தமிழில் ஈடு தேடுவது வீண். ஸபாவுக்கும் அப்படியே.

இரண்டாவது பிழை பெயரை நம்புவது. எல்லையூர்ப் பிள்ளைகளுக்கு இது பெரும் பொறி. உருதுப் பாட்டுக்காரர் 'பைரவி' என்பது தமிழ்நாட்டு வித்துவானின் பைரவியன்று. சுரவரிசையால் அது நம் தோடிக்கு நிகர். அவர் 'தோடி' என்பதோ நம் சுபபந்துவராளி. 'மொகலே ஆஸம்' (1960) படத்தில் மதீனத்து அண்ணலை (ஸல்) முன்னிலைப்படுத்தி லதா மங்கேஷ்கர் பாடும் முறையீடு எத்தனையோ முஸ்லிம் இல்லங்களில் கண்ணீரோடு கேட்கப்பட்டது. நௌஷாத் அதனைக் கேதாரில் அமைத்தார். அதைக் கேட்டுவிட்டு நம் கேதாரத்தின் சாட்சி என்று குறித்துக்கொண்டால் பிழை. அது ஹமீர்கல்யாணியின் உறவு. அவரே 'பைஜு பாவ்ரா' (1952)வில் மால்கௌன்ஸில் ஒரு புகழ்பெற்ற பாடலைத் தந்தார். மால்கௌன்ஸ் நமக்கு ஹிந்தோளம். வடக்கே 'ஹிந்தோல்' என்று வழங்குவதோ முற்றிலும் வேறு. ஒரு மாணவன் எம்மிடம், 'ஒரே பெயருக்கு இரண்டு ஆள் இருந்தால் அறிவிப்பாளர் வரிசையில் என்ன செய்வோமோ அதையே இங்கும் செய்ய வேண்டும் போலிருக்கிறதே' என்றான். ஹதீஸ் கலை பயின்ற பிள்ளை, சரியாகவே சொன்னான்.

பெயர் ஒற்றுமை சில இடங்களில் உள்ளத்தை ஈர்க்கவும் செய்கிறது. கர்நாடக இசையில் 'ஹுசேனி' என்றோர் இராகம் உண்டு, கரகரப்பிரியாவின் பிள்ளை. ஹுசேனி ஸ்வரஜதியைக் கேளாத பரதநாட்டிய அரங்கு அரிது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஸபியுத்தீன் அல்உர்மவீ தம் 'கிதாபுல் அத்வார்' நூலில் வகுத்த பன்னிரண்டு மகாம்களுள் ஹுசைனீ ஒன்று. அவர் கூறும் ஆறு 'ஆவாஸ்'களுள் நவ்ரூஸ் ஒன்று. இங்கே தாலாட்டுக்கு வாய்த்த 'நவரோஜ்' இராகம் அப்பெயரையே தாங்குகிறது. அதே நூற்றாண்டில் தேவகிரியில் எழுந்த சாரங்கதேவரின் 'சங்கீத ரத்னாகரம்' துருஷ்க தோடி, துருஷ்க கௌடம் என்று பெயரிடுகிறது. கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது என்பதற்கு இவை போதிய சான்று. எதைக் கொடுத்தார், எதை வாங்கினார் என்பதற்கு இவை சான்றாகா. ஹுசேனியின் எலும்புக்கூடு ஹுசைனீயின் எலும்புக்கூட்டோடு ஏறத்தாழப் பொருந்தும். ரிஷபம் சிறிது இறங்கி நிற்பதே வேறுபாடு. இருந்தும் சதையும் குருதியும் வெவ்வேறு. பெயரைக் கண்டு 'எல்லாம் நாம் தந்தவை' என்று மார்தட்டும் கட்டுரைகளை யாம் நிறையப் படித்துச் சலித்துள்ளோம்.

பாடல்களை மகாம்வாரியாக அடுக்கிய முஸ்லிம் நூல் ஒன்று நம் அண்டை மண்ணிலேயே உண்டு என்பதைப் பலர் அறியார். பீஜப்பூரை 1580 முதல் 1627 வரை ஆண்ட இரண்டாம் இப்ராஹீம் ஆதில்ஷா தக்கனி மொழியில் 'கிதாபே நவ்ரஸ்' என்னும் பாடல் நூலை இயற்றினார். ஐம்பத்தொன்பது பாடல்கள், பதினேழு ஈரடிகள். பூபாளி, கேதாரா, கல்யாண், கானடா முதலியவற்றோடு ஹிஜாஸும் நவ்ரோஸும் தலைப்புகளாக நிற்கின்றன. இராகத்துக்கும் 'மகாம்' என்ற சொல்லையே அம்மன்னர் ஆண்டார். குல்பர்காவின் கேஸூதராஸ் (ரஹ்) அவர்களையும் கலைமகளையும் ஒரே நூலில் அவர் போற்றியது அவர் காலத்திலேயே சிலருக்குக் கசந்திருக்கும், அது நிற்க. நூல் அமைப்பு வியக்கத்தக்கது. ஆனால் சாட்சி என்ற அளவில் அது ஊமைச் சாட்சி. தலைப்பில் மகாமின் பெயர் இருக்கிறது, சுரக்குறிப்பு இல்லை. பாடியவர் போனதும் பாட்டின் இசையும் உடன் போயிற்று. அவருக்குப் பின் 1638இல் பீஜப்பூர்ப் படை பெங்களூரைக் கைக்கொண்டது. தக்கனி மொழி நம் எல்லை வரை பரவி வீட்டுமொழியாயிற்று. மொழி வந்தது. அந்நூலின் இசை வரவில்லை.

இதற்கு நேர்மாறான முன்மாதிரி எட்டயபுரத்தில் தோன்றியது. சுப்பராம தீட்சிதர் 1904இல் அங்கே அச்சிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' ஒவ்வோர் இராகத்துக்கும் இலக்கணம் கூறி, கீதம், தானம், கீர்த்தனை, சஞ்சாரி என்று சுரக்குறிப்போடு, கமகக் குறிகளோடும், சாட்சிகளை வரிசையாக நிறுத்தியது. ஒரு சாட்சி தவறினாலும் மற்றொன்று காப்பாற்றும். பின்னர்க் கோடீசுவர ஐயர் 'கந்த கானாமுதம்' என்று எழுபத்திரண்டு மேளங்களுக்கும் தமிழிலேயே கீர்த்தனைகள் செய்தார். நமக்கு அத்தகைய ஒன்று இல்லை. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் துயில்வதும் அதே எட்டயபுரம்தான் என்பதை எண்ணும்போது உள்ளம் சற்றே கனக்கிறது.

நம்மிடம் இருப்பவை யாவை? கீர்த்தனைத் தொகுப்புகள் பல உண்டு. பழைய பதிப்புகளில் இராகமும் தாளமும் தலைப்பில் அச்சாகியிருக்கும். பல இடங்களில் 'வர்ணமெட்டு' என்று அக்கால நாடகப் பாட்டின் முதலடி குறிக்கப்பட்டிருக்கும். அந்நாடகப் பாட்டை இன்று அறிவார் இல்லை. ஆகவே அக்குறிப்பு, இறந்தவரைக் கேட்டுக்கொள் என்று சொல்வது போலாயிற்று. காயல்பட்டினம் காசிம் புலவரின் திருப்புகழ் சந்தத்தின் கருவூலம். தாளம் கற்பிக்க அதனினும் சிறந்த நூல் நம்மிடம் இல்லை. இராகத்துக்கு அது சாட்சியாகாது. சந்தம் எந்த இராகத்தையும் ஏற்கும். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களின் கண்ணிகளும் அத்தகையவே. பராபரக்கண்ணியை ஒருவர் மோகனத்தில் பாடினால் மற்றொருவர் முகாரியில் பாடுவார், இரண்டும் பொருந்தும். கவிதைக்கு அது பெருமை. உதாரணம் தேடுபவனுக்கு இடர்.

ஆனால் மஸ்தான் சாகிபுவின் ஆனந்தக்களிப்பு வேறு வகை. ஆனந்தக்களிப்பு என்பதே ஒரு மெட்டின் பெயர். தாயுமானவர் முதல் பாரதியார் வரை கையாண்ட அம்மெட்டு மரபாக நாதநாமக்கிரியையில் அமைவது. நாதநாமக்கிரியை மாயாமாளவகௌளையின் வழி வந்தது. சரளி வரிசை பயிலும் குழந்தை முதன்முதல் பாடுவதும் அம்மாயாமாளவகௌளையைத்தானே? தாழ்ந்த ரிஷபத்திலிருந்து உயர்ந்த காந்தாரத்துக்கு ஒரு தாவல், அடுத்து மத்திமம். ஹிஜாஸின் முதல் நான்கு படிகளும் இவையே. மேற்பகுதியில் ஹிஜாஸ் பெரும்பாலும் கைசிகி நிஷாதத்தைக் கொள்வதால் முழு வரிசை வகுளாபரணத்துக்கே நெருங்கும் என்பதையும் மாணவனுக்குச் சொல்ல வேண்டும். எனினும் மெட்டு நிலைத்தது, நூல் நம்முடையது, ஊர்தோறும் அறிந்த நடை. ஹிஜாஸின் வாசலைக் காட்ட இதனினும் நம்பத்தக்க தமிழ்ச் சாட்சி எமக்குத் தென்படவில்லை.

இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா (1925–2015) அவர்களின் பாடல்களைச் சேர்க்காதது ஏன் என்று வாசகர் கேட்கக்கூடும். அக்குரல் ஆயிரக்கணக்கானோர் கூடிய திடலுக்கென வாய்த்தது. எட்டிப் பிடித்து, நிமிர்ந்து நின்று, சொல்லைத் தெளிவாக எறியும் குரல். சொல்லுக்காகப் பாடினார், இராகத்துக்காகப் பாடவில்லை. அவர் பாடல்களில் இராகச் சாயல்கள் உண்டு. ஆனால் மெல்லிசை தன் விருப்பம்போல் அயற்சுரங்களை வரவேற்கும். மாணவன் அதிலிருந்து சுரத்தைப் பிரித்தெடுக்க முயன்றால் குழம்புவான். அவரைக் குறைத்துக் கூறுவதாக யாரும் கொள்ளற்க. தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தைத் தராசாகப் பயன்படுத்தவில்லையே என்று எவரும் குறை சொல்வதில்லை.

பாடலோடு இராகம் பிரியாமல் ஒட்டியிருக்கிறது என்னும் நம்பிக்கையும் தளர்வதற்கு இடமுண்டு. 'சிந்து பைரவி' (1985) படத்தில் தியாகராஜரின் காம்போதிக் கீர்த்தனை ஒன்றை இளையராஜா சாரமதியில் அமைத்ததும் சபைகளில் எழுந்த சலசலப்பு நினைவிருக்கும். சாகித்தியம் அதுவே, இராகம் மாறியது. சாட்சி கட்சி மாறினான் என்று சினந்தோர் உண்டு. எமக்கோ அது ஒரு வழியைக் காட்டிற்று. ஒவ்வோர் இராகத்துக்கும் ஒவ்வொரு பாட்டைத் தேடி அலைவதைவிட, ஒரே பாட்டைப் பல இராகங்களில் பாடிக் காட்டினால் என்ன? சொல் மாறாது நிற்க, இசை மட்டும் மாறினால், மாறியது எது என்பதைப் பிள்ளையின் செவி தானே கண்டுகொள்ளும்.

அதற்கு வேண்டிய கருவி நம்மிடம் நிரம்ப உண்டு, அதுதான் விருத்தம். சீறாப்புராணத்தில் மட்டும் 5,027 விருத்தங்கள். விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை. பாடுவோன் ஒரு சொல்லில் நின்று இராகத்தை விரிக்கலாம், அடுத்த அடியில் இறங்கலாம். கச்சேரியில் வித்துவான்கள் விருத்தத்தை இராகமாலிகையாகப் பாடுவதும் இவ்வுரிமையால்தான். அரபியில் கஸீதாவுக்கும் இவ்வுரிமை உண்டு. 'பஸீத்' யாப்பில் அமைந்த பூஸிரீ (ரஹ்) அவர்களின் புர்தாவை எந்த மகாமிலும் ஏற்றிப் பாடலாம், பாடியும் வருகின்றனர். சொல்லே இன்றி இராகத்தைக் காட்டியவர்களும் நம்மில் உண்டு. ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999) அவர்களின் நாகசுர ஆலாபனைகளை இராகம் அறிய விரும்பும் எவரும் விடக்கூடாது. ஆயினும் வீட்டில் தாயும் பிள்ளையும் பாடிப் பார்ப்பதற்கு நாகசுரம் உதவாது, விருத்தம் உதவும்.

யாம் கற்பிக்கும்போது கடைப்பிடிக்கும் முறை இது. ஹிஜ்ரத்துக் காண்டத்திலிருந்து துயரச் சுவையுள்ள விருத்தம் ஒன்றை எடுத்து, முதலில் கீரவாணியில் மெல்லப் பாடுவோம். அதே விருத்தத்தை அடுத்துச் சிந்துபைரவியிலும், பின் மாயாமாளவகௌளையிலும் பாடுவோம். அதன்பின் புர்தாவின் இரண்டு பைத்துகளை நஹாவந்த், குர்து, ஹிஜாஸ் என்று முறையே ஓர் அரபுப் பாடகரின் பதிவிலிருந்து கேட்கச் செய்வோம். இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளைகள் ஒப்புமையையும் வேற்றுமையையும் தாமே சொல்லத் தொடங்குகின்றனர். பயாத்தீயும் ரஸ்தும் வரும்போது ஆர்மோனியத்தை மூடி வைத்துவிடுவோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பழைய பைத்து நடைகளை அறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்கள் நடைகளில் கால்சுரம் ஒலிக்கிறதா, அல்லது கமகம் ஒலிக்கிறதா என்பதைச் செவி பழகிய ஒருவர் சென்று பதிவுசெய்து வர வேண்டும். மஸ்தான் சாகிபு பாடல்களை மறுபதிப்புச் செய்வோரும் பழம்பதிப்புகளிலுள்ள மெட்டுக் குறிப்புகளை 'இன்று எவருக்கும் தேவையில்லை' என்று நீக்கிவிடாமல் அப்படியே அச்சிடுவாராக.